ஓஜிஎல் விவகாரம்: டெல்டா மேசைகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை, திருவாரூர்ப் பக்கம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, கதை சொல்லிப் பகடை உருட்டும் விளையாட்டை விளையாடுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூடுகிறோம். சிலர் சொந்தமாகத் தமிழில் சாகசங்களும், அதாவது மேசையில் விளையாடுவதற்கான கதைகளும், எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். எழுத உட்காரும் ஒவ்வொருவரும், "இதை அச்சடிச்சு விக்கலாமா? அமெரிக்கக் கம்பெனி கேஸ் போட்டுடுமா?" என்று ஒரு கட்டத்தில் கேட்டுவிடுகிறார்கள். இதற்கான பதில் ஓஜிஎல் என்ற உரிமத்தை மாற்றுவது பற்றி 2023 ஜனவரியில் விசிறிகளுக்கும் விளையாட்டை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்துக்கும் நடந்த சண்டையில் இருக்கிறது. அதனால் சண்டையின் கதையையும் நமக்கான நடைமுறையையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கிறேன்.

ஓஜிஎல்னா என்ன? முதல்லேருந்து சொல்லுங்க.

ஓப்பன் கேம் லைசென்ஸ் என்பதன் சுருக்கம். ஒரு விளையாட்டின் விதிகளை எடுத்து மற்றவர்கள் தங்கள் புத்தகங்களில் பயன்படுத்திக்கொள்ள அனுமதி தரும் உரிமம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-ல் அமெரிக்காவில் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். ஒருவர் கதை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, தாங்கள் செய்ய நினைப்பதை வாயால் சொல்லி, பகடை உருட்டி முடிவு பார்க்கிறார்கள். முதலில் வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் நொடித்துப்போன நிலையில், 1997-ல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் அதை வாங்கியது. 1999-ல் விசார்ட்ஸையே பொம்மை நிறுவனமான ஹாஸ்ப்ரோ வாங்கிக்கொண்டது.

2000-ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது, அங்கே பொறுப்பில் இருந்த ரையன் டான்சி முன்னின்று ஓஜிஎல்-லைக் கொண்டுவந்தார். அவர் கணக்கு எளிமையானது. சாகசப் புத்தகங்களை மேசைக்கு ஒருவர்தான் வாங்குவார், லாபம் குறைவு. அடிப்படை விதிப்புத்தகத்தை மேசையில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் வாங்குவார்கள். சாகசங்களை வெளியார் எழுதட்டும், அவர்கள் எழுத எழுத நம் விதிப்புத்தகம் விற்கும். அப்படியே நடந்தது. விதிகளின் திறந்த பகுதியை எஸ்ஆர்டி என்ற ஆவணமாக வெளியிட்டார்கள். அதை வைத்து நூற்றுக்கணக்கான சிறு பதிப்பாளர்கள் பிழைத்தார்கள்.

விளையாட்டு விதிக்குப் பதிப்புரிமை கிடையாதுன்னு சொல்றாங்களே, அப்புறம் எதுக்கு உரிமம்?

நல்ல கேள்வி. அமெரிக்கச் சட்டம் ஒரு செயல்முறையைப் பதிப்புரிமையால் பூட்ட விடுவதில்லை. அதை விவரிக்கும் சொற்களுக்கு மட்டுமே பாதுகாப்பு. இந்தியாவிலும் கருத்துக்கோ கருவுக்கோ கதைப்போக்குக்கோ பதிப்புரிமை இல்லை, அதை வெளிப்படுத்திய விதத்துக்கே உண்டு என்று 1978-ல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது.

ஆகவே, "இருபது முகப் பகடையை உருட்டு, திறமைக்கு உரிய எண்ணைக் கூட்டு, இலக்கைத் தாண்டினால் வெற்றி" என்பது யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் ஒரு மந்திரத்தின் விவரிப்பு, ஓர் அரக்கனின் வருணனை, நூறு பக்க அட்டவணை என்று வரும்போது எது விதி, எது வெளிப்பாடு என்ற கோடு மங்கிவிடுகிறது. அந்தக் கோட்டை நீதிமன்றத்தில் போய்க் கண்டுபிடிக்க எந்தச் சிறு பதிப்பாளரிடமும் பணம் இல்லை. 1990-களில் டிஎஸ்ஆர் விசிறிகளுக்கெல்லாம் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிக்கொண்டிருந்த காலத்தை அனுபவித்தவர்களுக்கு ஓஜிஎல் ஒரு சமாதான உடன்படிக்கையாகவே தெரிந்தது. அந்த நிம்மதியில்தான் இருபத்து மூன்று ஆண்டுகள் ஓடின.

2023 ஜனவரியில என்னதான் நடந்தது?

2022 டிசம்பரில் ஹாஸ்ப்ரோ முதலீட்டாளர்களுக்காக நடந்த ஓர் உரையாடலில், இந்த விளையாட்டிலிருந்து ஈட்ட வேண்டிய அளவு வருமானம் இன்னும் ஈட்டப்படவில்லை என்ற பொருளில் விசார்ட்ஸின் தலைவர் சிந்தியா வில்லியம்ஸ் பேசினார். அதே மாதம் ஓஜிஎல் 1.1 வரப்போகிறது என்ற அறிவிப்பும் வந்தது.

2023 ஜனவரி 5 அன்று கசிந்த வரைவைப் பார்த்து கிஸ்மோடோ தளத்தில் லிண்டா கோடேகா செய்தி வெளியிட்டார். அதிலிருந்த முக்கியமான விஷயங்கள் இவை. பழைய ஓஜிஎல் 1.0ஏ இனி அங்கீகரிக்கப்பட்ட உரிமம் அல்ல. ஆண்டுக்கு 50,000 டாலருக்கு மேல் வருமானம் வந்தால் கணக்குக் காட்ட வேண்டும். 7,50,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 சதவீதம் ராயல்டி, வாசகர்களிடம் முன்பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளம் வழியாகத் திரட்டினால் 20 சதவீதம். இந்தச் சதவீதம் மொத்த வரவில், லாபத்தில் அல்ல. அச்சுக்கும் கப்பலுக்கும் ஓவியருக்கும் கொடுத்த பிறகு இருபது சதவீதம்கூட மிஞ்சாத தொழிலில் வரவில் கால்வாசி கேட்பது, கடையைச் சாத்து என்று சொல்வதற்குச் சமம். இதற்கெல்லாம் மேலாக, நீங்கள் எழுதியதை எந்தக் காரணத்துக்காகவும் என்றென்றைக்கும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ள விசார்ட்ஸுக்கு உரிமை. முப்பது நாள் அறிவிப்பு கொடுத்து உரிமத்தையே மாற்றவும் அவர்களுக்கு அதிகாரம்.

இது வெறும் வரைவுதான் என்று நிறுவனம் பிற்பாடு சொன்னது. ஆனால் கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தங்களோடு சேர்த்தே பதிப்பாளர்களுக்கு அனுப்பப்பட்டது என்று செய்திகள் வந்தன. ஒப்பந்தத்தோடு வரும் காகிதத்தை யாரும் வரைவு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு வாரத்துக்கு மேல் நிறுவனம் வாய் திறக்கவில்லை. ஜனவரி 13-ல் ஒரு விளக்கம் வந்தது. ராயல்டியும் எழுத்தை எடுத்துக்கொள்ளும் உரிமையும் இருக்காது என்றது. ஆனால் விசிறிகளும் வென்றார்கள், நாங்களும் வென்றோம் என்ற தொனியில் அது எழுதப்பட்டிருந்ததால் கோபம் இன்னும் ஏறியது. 18-ம் தேதி நிர்வாகத் தயாரிப்பாளர் கைல் பிரிங்க் நேரடியாக மன்னிப்புக் கேட்டார். 19-ம் தேதி ஓஜிஎல் 1.2 என்ற புதிய வரைவையும் அதோடு ஒரு கருத்துக்கணிப்பையும் வெளியிட்டார்கள். பழைய உரிமத்தைச் செல்லாததாக்கும் பிடிவாதம் அதிலும் இருந்தது.

பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கருத்துக்கணிப்பில் பதில் எழுதினார்கள். நிறுவனமே வெளியிட்ட முடிவுப்படி, 1.2 உரிமத்தின் கீழ் எதையும் வெளியிட விரும்பவில்லை என்றவர்கள் 88 சதவீதம். 1.0ஏ-வை ரத்து செய்வதில் அதிருப்தி என்றவர்கள் 89 சதவீதம். ஜனவரி 27-ல் நிறுவனம் முழுதாகப் பின்வாங்கியது. 1.0ஏ-வைத் தொட மாட்டோம் என்றதோடு, நானூறு பக்க எஸ்ஆர்டி 5.1 முழுவதையும் கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0 என்ற, எடுத்த இடத்தைச் சொன்னால் யாரும் பயன்படுத்தலாம் என்னும் பொது உரிமத்தில் அன்றே வெளியிட்டது.

ஏழரை லட்சம் டாலர் சம்பாதிக்கிறவங்க பிரச்சினை அது. நமக்கு என்னண்ணே?

அன்றைய மதிப்பில் அது ஆறு கோடி ரூபாய்க்கு மேல். நம் மேசைகளில் யாரும் அதன் பக்கத்தில் போகப்போவதில்லை. ஆனால் ராயல்டி அந்த வரைவின் ஒரு பத்திதான். எழுத்தை எடுத்துக்கொள்ளும் பத்திக்கு வருமான வரம்பே கிடையாது.

நம்மில் ஒருவர் கடைமடைக் கிராமம் ஒன்றை வைத்துச் சாகசம் எழுதியிருக்கிறார். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாயிற்று, கல்லணையும் திறந்தாயிற்று, ஆனால் தண்ணீர் ஊருக்கு வந்துசேரவில்லை. ஏன் என்று கண்டுபிடிக்க வாய்க்கால் வழியே மேலேறிப் போகிறார்கள். வழியில் ஒவ்வொரு மதகிலும் ஒரு காவல். மதகைத் திறந்து மூடும் அரசு ஊழியரான லஸ்கர் ஒருவர், ஊருக்குத் தண்ணீர் பாய்ச்சும் நீர்க்கட்டி ஒருவர், மனிதரே அல்லாத ஒன்று. அற்புதமான கற்பனை அது. அவர் ஐம்பது பிரதி ஜெராக்ஸ் போட்டு விற்றாலும், அந்த வரைவின்படி கதையையும் பாத்திரங்களையும் நிறுவனம் எடுத்து அச்சிடலாம், வீடியோ கேம் ஆக்கலாம், அவர் பெயரைப் போடவும் தேவையில்லை. அவரிடம் அனுமதி கேட்க வேண்டாம், ஒரு ரூபாய் தர வேண்டாம். பெரிய பதிப்பாளருக்கு வழக்கறிஞர் இருக்கிறார். இந்த மாதிரி எழுத்தாளருக்கு அந்த உரிமத்தின் ஒரு வரி மட்டும்தான் பாதுகாப்பு. அந்த வரியை அவருக்கு எதிராகத் திருப்பினார்கள் என்பதே என் கோபத்துக்குக் காரணம்.

'நிரந்தரம்'னு எழுதியிருந்துச்சாமே. அப்புறம் எப்படி ரத்து பண்ண முடியும்?

பழைய உரிமத்தின் நான்காம் பிரிவு, இது நிரந்தரமான, உலகம் முழுதும் செல்லுகிற, ராயல்டி இல்லாத உரிமம் என்கிறது. ஒன்பதாம் பிரிவு, விசார்ட்ஸ் புதிய பதிப்புகளை வெளியிடலாம், நீங்கள் அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பதிப்பையும் பயன்படுத்தலாம் என்கிறது. இரண்டிலும் 'திரும்பப் பெற முடியாதது' என்ற சொல் இல்லை. பழைய பதிப்பை அங்கீகரிக்கப்படாதது என்று அறிவித்துவிட்டால் போதும் என்று அந்த ஓட்டையில் புகுந்தார்கள்.

குத்தகை தெரிந்த ஊர் நம்முடையது, அதை வைத்தே சொல்கிறேன். மேடாகக் கிடந்த நிலத்தைக் குத்தகைக்கு வாங்கி, மண் அடித்து, வாய்க்கால் வெட்டி, இருபது வருடம் உரம் ஏற்றி நஞ்சையாக்கியவரிடம், "நீ எப்போதும் சாகுபடி செய்துகொள் என்றுதான் எழுதினேன், வெளியேற்ற மாட்டேன் என்று எழுதவில்லையே" என்று நிலக்காரர் சொன்னால் எப்படி இருக்கும்? அப்படிச் சொன்ன காலம் இருந்தது. அதனால்தான் 1952-ல் தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. உழைப்பைப் போட்ட பிறகு காகிதத்தைக் காட்டுவது நியாயம் ஆகாது என்பதை இந்த மண் அனுபவித்துக் கற்றது.

எழுதியவர்களின் எண்ணத்தைப் பற்றியும் சந்தேகமில்லை. விசார்ட்ஸ் தன் தளத்தில் பல ஆண்டுகள் வைத்திருந்த விளக்கக் குறிப்பே, உங்களுக்குப் பிடிக்காத மாற்றத்தைச் செய்தாலும் நீங்கள் முந்தைய பதிப்பைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று சொன்னது. அதை நம்பித்தான் எல்லோரும் முதல் போட்டார்கள். ரத்து செய்வது அதன் நோக்கமே அல்ல என்று டான்சியும் 2023-ல் சொன்னார். எந்த நீதிமன்றமும் இதில் தீர்ப்புச் சொல்லவில்லை, ஏனென்றால் வழக்கு வரை போகவே இல்லை.

விசிறிகள் அப்படி என்ன பண்ணினாங்க? எது பலிச்சது?

பல்லாயிரம் பேர் ஒரு திறந்த கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். யூடியூபில் வழக்கறிஞர்கள் வரைவைப் பத்தி பத்தியாகப் பிரித்துக் காட்டினார்கள். எனக்குத் தெரிந்தவரை மிக வலிமையாக வேலை செய்தது ஒரு பொத்தான். விசார்ட்ஸ் நிறுவனத்தின் சொந்தத் தளமான டிஅண்ட்டி பியாண்டுக்கு மாதச் சந்தா கட்டிவந்தவர்கள் அதை ரத்து செய்து, காரணத்தையும் எழுதினார்கள். மாத வருமானம் குறைவது நிர்வாகத்துக்கு அன்றன்றே தெரியும். டெல்டாவிலிருந்து சந்தா கட்டியவர்கள் மிகச் சிலர், அவர்களும் நிறுத்தினார்கள். அந்த எண்ணிக்கை அமெரிக்கப் பங்குச்சந்தையை அசைக்காது என்று தெரிந்தும் நிறுத்தினார்கள். அது சரியான செயல் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இன்னொரு பக்கம் போட்டியாளர்கள் மாற்று வழி கட்டினார்கள். முன்பு ஒரு முறை, 2008-ல் நான்காம் பதிப்புக்கு இறுக்கமான உரிமம் கொண்டுவந்தபோது பைசோ நிறுவனம் பழைய ஓஜிஎல்-லை வைத்தே பாத்ஃபைண்டர் என்ற தனி விளையாட்டை 2009-ல் வெளியிட்டு வென்றது. அந்த அனுபவம் 2023-ல் கை கொடுத்தது. ஜனவரி 10-ல் கோபோல்ட் பிரஸ் தன் சொந்த விதிமுறை வரும் என்று அறிவித்தது. 12-ம் தேதி பைசோ, கேயாசியம், கிரீன் ரோனின் போன்ற பதிப்பாளர்களைச் சேர்த்துக்கொண்டு ஓஆர்சி என்ற புதிய உரிமத்தை அறிவித்தது. அது எந்த விளையாட்டு நிறுவனத்தின் கையிலும் இருக்காது என்பதே அதன் முதல் நிபந்தனை. எட்டு மாதத்துக்கு வைத்திருந்த பாத்ஃபைண்டர் விதிப்புத்தகங்கள் இரண்டே வாரத்தில் தீர்ந்துவிட்டதாகப் பைசோ சொன்னது.

கோபம் மட்டும் இருந்திருந்தால் நிறுவனம் காத்திருந்து கடந்திருக்கும். போவதற்கு வேறு இடமும் இருந்தது, அதுதான் பலித்தது.

கம்பெனி பக்கமும் ஏதாவது நியாயம் இருக்கும்ல?

இருந்தது, கொஞ்சம். வெறுப்பைப் பரப்பும் புத்தகங்கள் தங்கள் விதிகளோடு வெளிவருவதைத் தடுக்க வேண்டும், மின்படங்களை உரிமைச்சீட்டாக்கி விற்கும் என்எஃப்டி வியாபாரிகளைத் தள்ளி வைக்க வேண்டும், பெரிய நிறுவனங்கள் இலவச விதிகளைக் கொண்டு கோடிகளை அள்ளுவதை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று காரணம் சொன்னார்கள். முதல் காரணம் உண்மையான கவலைதான். ஆனால் எது வெறுப்பு என்பதை நிறுவனமே முடிவு செய்யும், அதை எதிர்த்து வழக்குப் போடவும் முடியாது என்று 1.2 வரைவில் எழுதியிருந்தார்கள். நோக்கம் நல்லதாக இருந்தாலும் அந்த அதிகாரத்தை ஒரு கையில் கொடுக்க முடியாது. ஒரு கோயில் தெய்வத்தை, ஒரு சாதிக் கலவரத்தை, ஒரு விவசாயக் கூலிப் போராட்டத்தை வைத்து நாம் கதை எழுதினால், அதன் பின்னணி தெரியாத ஒருவர் அமெரிக்காவில் உட்கார்ந்து அதைத் தீர்மானிப்பார்.

விசிறிகள் செஞ்சது எல்லாமே சரிதானா?

இல்லை. முடிவெடுத்தவர்கள் மேல்தளத்தில் இருக்க, விளையாட்டை வடிவமைக்கும் ஊழியர்களுக்கு வசை அனுப்பியவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் உள்ளே இருந்துகொண்டு அந்த உரிமத்தை எதிர்த்தவர்கள். கருத்துக்கணிப்புப் பதில்களை அங்கே யாரும் படிப்பதே இல்லை என்று ஒரு வதந்தி பரவியது. அங்கே வேலை செய்தவர்களே முன்வந்து, நாங்கள் படித்தோம் என்று மறுத்தார்கள். வீட்டில் விளையாடுவதற்கும் காசு கேட்பார்கள் என்ற பேச்சும் பொய். எந்த வரைவும் வீட்டு மேசையைத் தொடவில்லை.

அப்போ வீட்டுல விளையாட உரிமம் வேண்டாமா?

வேண்டாம். நண்பர்களோடு விளையாடவும், உங்களுக்காகச் சாகசம் எழுதி வைத்துக்கொள்ளவும் யாரிடமும் கேட்க வேண்டாம். இருபது முகப் பகடை கிடைக்காவிட்டால் கைபேசியிலேயே உருட்டலாம். தாயக்கட்டையை வைத்து வேறு கணக்கு அமைத்து விளையாடுகிற குழுவும் உண்டு.

தமிழ்ல இந்த மாதிரி ஒரு போராட்டம் நடந்திருக்கா?

நடந்திருக்கிறது, இதைவிடப் பெரிதாக. பாரதியார் 1921-ல் மறைந்தார். அவருடைய பாடல்களை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை கைமாறிக் கைமாறி 1940-களில் ஏவி. மெய்யப்பனிடம் இருந்தது. நூல் உரிமை குடும்பத்தில் ஒருவரிடம் இருந்தது. பாரதியின் பாட்டைத் தங்கள் படத்தில் பயன்படுத்திய டி.கே.எஸ். சகோதரர்கள் மீது சட்ட நடவடிக்கை வந்தபோது, தமிழ்நாட்டின் எழுத்தாளர்களும் வாசகர்களும் கொதித்தார்கள். பாரதியின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று கேட்டார்கள். கூட்டங்கள் நடந்தன, அரசுக்கு மனுக்கள் போயின. மெய்யப்பன் தன்னிடமிருந்த உரிமையைப் பணம் கேட்காமல் விட்டுக்கொடுத்தார். 1949-ல் ஓமந்தூரார் காலத்துச் சென்னை மாகாண அரசு உரிமையைத் தன் கைக்குக் கொண்டுவந்து, பிறகு மக்களுக்கே பொதுவாக்கியது. இன்று நாம் நாட்டுடைமை என்று சொல்லும் வழக்கம் அங்கே தொடங்கியது.

இரண்டும் ஒன்றல்ல. பாரதி மறைந்த கவிஞர், விசார்ட்ஸ் இயங்கிக்கொண்டிருக்கும் வணிக நிறுவனம். ஆனாலும் ஒரு விஷயம் பொருந்துகிறது. அங்கேயும் இங்கேயும், மக்கள் வாயில் பழகிப்போன ஒன்றுக்குச் சட்டப்படி உடைமையாளர் இருந்தார், அவரிடம் காகிதமும் இருந்தது. அது போதாது என்று சொல்ல மக்கள் திரண்டார்கள். திரண்டதன் பலன் நல்லெண்ண வாக்குறுதியாக நிற்காமல், திரும்பப் பெற முடியாத எழுத்தாக முடிந்தது. பாரதிக்கு அரசாணை, எஸ்ஆர்டி-க்குக் கிரியேட்டிவ் காமன்ஸ்.

சரி, இப்போ நான் தமிழ்ல சாகசம் எழுதி விக்கலாமா?

தாராளமாக விற்கலாம். எஸ்ஆர்டி 5.1-ஐக் கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0-ன் கீழ் எடுத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்கலாம், மாற்றலாம், விற்கலாம், காசு கொடுக்க வேண்டாம், கணக்குக் காட்ட வேண்டாம். ஒரே கடமை, எங்கிருந்து எடுத்தீர்கள் என்று சொல்வது. எஸ்ஆர்டி-யின் முதல் பக்கத்திலேயே அந்த அறிவிப்பு வாசகம் இருக்கிறது. அதை உங்கள் புத்தகத்தின் உட்பக்கத்தில் அப்படியே போடுங்கள், மாற்றங்கள் செய்திருப்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். 'ஐந்தாம் பதிப்புக்குப் பொருந்தும்' என்று அட்டையில் போட்டுக்கொள்ள அந்த ஆவணமே இடம் கொடுக்கிறது. விளையாட்டின் பெயரையோ சின்னத்தையோ அட்டையில் பெரிதாகப் போடாதீர்கள். அது வணிகக்குறி, வேறு சட்டம்.

எஸ்ஆர்டி-யில் எல்லாம் இருக்காது. பன்னிரண்டு வகுப்புகளும், அதாவது போர்வீரன், மந்திரவாதி போன்ற பாத்திர வகைகளும், உண்டு, ஆனால் வகுப்புக்கு ஓர் உட்பிரிவுதான். பின்னணி ஒன்று, சிறப்புத்திறன் ஒன்று. பிஹோல்டர், மைண்ட் ஃபிளேயர் போன்ற புகழ்பெற்ற அரக்கர்களின் விவரங்கள் இல்லை. பிக்பி போன்ற மந்திரவாதிகளின் பெயர் தாங்கிய மந்திரங்கள் பெயர் நீக்கித் தரப்பட்டிருக்கின்றன. அந்த நிறுவனத்தின் கற்பனை உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் கிடையாது. எங்களுக்கு அது குறையாகவே படவில்லை. கடல் கொண்ட பூம்புகாரும், முத்துப்பேட்டை அலையாத்திக் காடும், கொள்ளிடத்து மணல் திட்டும், கோடியக்கரையும் இருக்கும்போது இரவல் உலகம் எதற்கு?

வந்தியத்தேவனைச் சாகசத்துல கொண்டுவரலாமா?

இது மாதம் ஒரு முறை வரும் கேள்வி. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டவை. அதோடு, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு என்ற இந்தியச் சட்டக் கணக்கும் முடிந்துவிட்டது, அவர் 1954-ல் மறைந்தார். நாவலின் பாத்திரங்களைக் கொண்டுவரலாம். ஆனால் சினிமாவில் வந்த உடை, முகம், வசனம், இசை எல்லாம் வேறொருவர் சொத்து. படக்காட்சியைப் பார்த்து அட்டைப்படம் வரையாதீர்கள். வரலாற்றில் உள்ள ராஜராஜனும் குந்தவையும் யாருக்கும் சொந்தமில்லை.

தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து பத்திகளை எடுப்பவர்கள் கவனியுங்கள். அங்குள்ள உரிமம் அதேபோல் பகிரச் சொல்லும் வகை. பத்தியைச் சேர்த்தால் உங்கள் ஆக்கத்தையும் அதே உரிமத்தில் தர வேண்டிவரும். தகவலை மட்டும் எடுத்துக்கொண்டு உங்கள் சொற்களில் எழுதிவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

ஓவியம் வரைஞ்ச தங்கச்சிக்கு என்ன எழுதிக் கொடுக்கணும்?

இதை யாரும் கேட்பதில்லை, கேட்ட ஒருவருக்காக எழுதுகிறேன். ஓவியரிடம் வாய்ப்பேச்சோடு நிறுத்தாதீர்கள். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். அனுமதி தரும் உரிமத்துக்கும் இதே விதியைச் சட்டம் பொருத்துகிறது. எந்த ஓவியம், எத்தனை காலம், எந்த நாடுகளில், அச்சிலா மின்நூலிலா, எவ்வளவு தொகை, மறுபதிப்பில் எவ்வளவு என்று ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். பெரிய நிறுவனம் ஒரு சொல்லை விட்டதால் இவ்வளவு நடந்தது. நாம் நம் ஓவியர்களுக்கு அந்த நிலையை உண்டாக்கக் கூடாது.

நாம எழுதினதுக்கு எந்த உரிமம் போடுறது? ஓஆர்சியா, கிரியேட்டிவ் காமன்ஸா?

ஓஆர்சி 2023 ஜூனில் முடிவான வடிவம் பெற்றது. அதில் விதிகள் தாமாகவே பொதுவாகும், கதை, பாத்திரம், ஊர்ப்பெயர் ஆகியவை உங்களிடமே இருக்கும். பாத்ஃபைண்டரை வைத்து எழுதுகிறவர்களுக்கு அது பொருத்தம். எஸ்ஆர்டி-யை வைத்து எழுதுகிற நமக்கு என் பரிந்துரை இரண்டு அடுக்கு. நீங்கள் உண்டாக்கிய விதிகளையும் அரக்கர் விவரங்களையும் கலைச்சொற்களையும் கிரியேட்டிவ் காமன்ஸ் பை 4.0-ல் கொடுத்துவிடுங்கள், கதையை வேண்டுமானால் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கலைச்சொற்கள் பொதுவானால்தான் தஞ்சாவூரில் எழுதிய சாகசத்தை யாழ்ப்பாணத்தில் ஒருவர் தடுமாறாமல் நடத்த முடியும்.

ஐயனார், முனீஸ்வரன், ஊர்க் காவல் தெய்வம், பாட்டி சொன்ன கொள்ளிவாய்ப் பிசாசு இவற்றை அரக்கர் பட்டியலில் சேர்ப்பவர்கள், "அனைத்து உரிமைகளும் பதிப்பாளருக்கே" என்று போடாதீர்கள். உங்கள் வருணனை உங்களுடையது, அந்தக் கதை ஊருடையது. ஒரு தெய்வத்தைக் கொல்ல வேண்டிய அரக்கனாக எழுதும் முன் அந்த ஊர்க்காரர் ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.

பழைய ஓஜிஎல் போட்ட புத்தகம் கையில இருக்கு. அது செல்லுமா?

செல்லும். 1.0ஏ தொடப்படவில்லை. புதிதாக எழுதும்போது மட்டும் கிரியேட்டிவ் காமன்ஸுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

இனிமே அந்தக் கம்பெனி புத்தகத்தை வாங்கலாமா, வேண்டாமா?

அவரவர் முடிவு. 2024-ல் புதிய விதிப்புத்தகம் வந்தது, எங்கள் மேசைகளில் சிலர் வாங்கினார்கள், சிலர் தொடவில்லை. நான் இன்னும் வாங்கவில்லை. பணம் மட்டும் காரணம் இல்லை. ஜனவரி 27-ல் செய்தது நல்ல காரியம், அதை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அது கேட்டதால் வந்ததல்ல, நெருக்கியதால் வந்தது. நம்பிக்கை திரும்ப வர அதைவிட அதிக காலம் ஆகும். புதிதாக விளையாட வருபவர்களுக்கு எஸ்ஆர்டி-யின் இலவசப் பிரதியையே கொடுக்கிறோம். அதை வைத்தே மாதக்கணக்கில் விளையாடலாம்.

மறுபடியும் இப்படி வருமா?

கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0-ல் தந்த எஸ்ஆர்டி 5.1-ஐ யாராலும் திரும்பப் பெற முடியாது. 2024 விதிகளுக்கான எஸ்ஆர்டி 5.2-ஐயும் 2025 ஏப்ரலில் அதே உரிமத்தில் தந்துவிட்டார்கள். அடுத்த பதிப்பையும் திறந்து தர வேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை. ஆகவே இரண்டு ஆவணங்களின் பிடிஎஃப் பிரதியையும் இன்றே இறக்கி உங்கள் கணினியில் வையுங்கள். உரிம வாசகம் இருக்கும் முதல் பக்கத்தை அச்செடுத்துச் சாகசக் கோப்பில் சேருங்கள். அச்சகத்துக்குக் கொடுக்கும் முன் அந்த வாசகம் உள்பக்கத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க எங்களில் ஒருவரிடம் காட்டினால், ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கும் முன் படித்துச் சொல்லிவிடுவோம்.